வலையும் லயமும்

பசறைக்கும் பிபிலைக்கும் இடையேயுள்ள லுணுகலைப் பகுதித் தோட்டங்களில், காலைப் பனி விலகுமுன் தேயிலை நிரைகளுட் செல்வோர் செடிக்குச் செடி தொங்கும் வட்டவலைகளைக் காண்பர். கொழுந்தெடுக்கும் கை முதலிற் கிழிப்பது அவற்றையே. பேர் விழவேண்டுமே என்னும் அவசரம் அக்கைக்கு உண்டு. ஆயினும், தன் உடலிலிருந்து இழையெடுத்து ஆக்கிய பொருளின்மீது ஆக்கிய உயிருக்கு உரிமை உண்டா என்னும் வினா அவ்விடத்தே எழுகின்றது.

சிலந்தி முதலில் ஓரிழையைக் காற்றில் மிதக்கவிடும். அது எதிர்ச்செடியைப் பற்றியதும் பாலமாகின்றது. பின்னர் ஆரங்கள் அமையும். அதன்மேல் பசையற்ற சுருளொன்றை உள்ளிருந்து வெளியே அகலச் சுற்றி, அதனையே சாரமாகக் கொண்டு, வெளியிலிருந்து உள்ளே பசைச்சுருளை நெருங்கப் பின்னும். பின்னப் பின்னச் சாரம் அகற்றப்படும். இதனைத் தாய் கற்பிப்பதில்லை. இவ்வினத்துட் பல, பழைய வலையைத் தாமே உண்டுவிடுகின்றன. உண்ட வலையின் புரதம் மிக விரைவிற் புதிய இழையாக மீளுகின்றது என்பதைப் பீக்கோல் என்னும் ஆய்வாளர் 1971இல் வெளிப்படுத்தினார். எனவே கொழுந்தெடுக்கும் பெண்ணின் கையிற் சுற்றிக்கொண்டு போவது இன்றைய வலை மட்டுமன்று. நாளைய வலையும் அதுவே.

சிலந்தி அறியாது செய்கின்றது, ஆகவே அதற்கு உரிமையில்லை என்பர் சிலர். கார்ல் மார்க்ஸ், 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்பாகத்தில், சிலந்தியின் தொழிலை நெசவாளன் தொழிலோடு ஒப்புநோக்கி, கட்டப்போவதை முன்னரே மனத்திற் காண்பவன் மனிதனே என்றார். உழைப்பின் இயல்பை விளக்க எழுந்த அக்கருத்தை உரிமைக்கு அளவுகோலாக்குவோர் சற்றே தோட்டத்தை நோக்கவேண்டும். நிரை எங்கே ஓடுவது, எந்த மலையில் எந்நாள் கொழுந்தெடுப்பது, எத்தனை கிலோவுக்குப் பேர் என்பனவெல்லாம் துரையின் மனத்திலன்றோ முன்னரே அமைந்தன? அவ்வளவுகோலின்படி தொழிலாளியும் சிலந்தியின் பக்கமே தள்ளப்படுவான்.

சிலந்தியும் வெறும் எந்திரமன்று. 1973இல் ஸ்கைலாப் விண்ணிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட அரபெல்லா என்னும் சிலந்தி, எடையற்ற நிலையில் முதலிற் சீரற்ற வலையையே பின்னிற்று. சில நாள்களில் ஒழுங்கான வலையைப் பின்னிற்று. இரண்டிலையும் ஒரு மொட்டும் எனக் கணந்தோறும் தேரும் விரல்களின் அறிவும் எந்தப் பேரேட்டிலும் பதியப்படுவதில்லை. மனத்தை அளந்தே உரிமை வழங்குவதென்றால் அளப்பவர் யார் என்ற கேள்வியும் உண்டு.

இழப்பு எவர்மேல் விழுகின்றது என்பதிலிருந்து தொடங்குவதே தக்கது. வலை கிழிந்தாற் பட்டினி கிடப்பது சிலந்தி. அதற்காகக் கொழுந்தெடுப்பவளைக் குறைகூறலாகாது. அவள் வீட்டுப் பசியும் பசியே. லயத்தின் கதை வேறு. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இரு முறை கைமாறியும் லயம் அதில் வாழ்ந்தவர் கைக்கு வரவில்லை. அண்மைய ஆண்டுகளிற் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்ற திட்டம் வந்தபின்னும் மிகப்பலர் லயங்களிலேயே வாழ்கின்றனர். வாசலில் மரக்கறிப் பாத்தி கட்டியவரும், ஒழுகிய கூரைக்குத் தம் செலவில் தகரம் போட்டவரும், சிலந்தியைப்போல் அவற்றை உண்டு உடலோடு சேர்த்துக்கொள்ள இயலாது. அவர்களுக்கு வேண்டுவது காணி உறுதி.