அசலும் நகலும்

அசல், நகல் என்னும் இரு சொற்களை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். இரண்டும் அரபு மொழி நமக்குத் தந்தவை. 'அஸ்ல்' என்றால் வேர். 'நக்ல்' என்றால் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குக் கொண்டு சேர்ப்பது. சொல்லளவில் இரண்டிலும் இழிவு ஏதும் இல்லை. அப்படியிருக்க, நகல் என்றதும் போலி என்று முகம் சுளிக்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது?

இந்த எண்ணத்தைக் கிளறிவிட்டது ஒரு மடக்குக்கத்தி. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கப்பல் வேலைக்குச் சென்ற என் பழைய மாணவர் ஒருவர், விடுமுறையில் வந்தபோது, "ஆலிம்சா, நாணற் கலம் சீவ உங்களுக்கு உதவும்" என்று சொல்லி அதை என் கையில் வைத்தார். மரப்பிடி, அலகை இறுக்கிப் பிடிக்கும் வில் இல்லை, ஒரே ஓர் ஆணிதான் அச்சு. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டின் சேந்த் எத்தியேன் நகரில் மலிவாகச் செய்யப்பட்ட கத்திகளின் நேர் நகல் அது. அந்நாளைய பிரெஞ்சு வணிகர் அத்தகைய கத்திகளைக் கனடாவின் காடுகளுக்கும் பேரேரிகளின் கரைக்கும் கொண்டுபோய், அங்குள்ள பூர்வகுடிகளிடம் விலங்குத் தோலுக்கு மாற்றி வந்தார்கள். மிச்சிலிமாக்கினாக் என்னும் பழைய கோட்டை இருந்த இடத்தை அகழ்ந்தபோது அவற்றின் அலகுகள் மண்ணிலிருந்து கிடைத்தன. அவ்வாறு கிடைத்தவற்றை அளந்து பார்த்து, அதே வடிவில் செய்து தரும் கொல்லர்கள் இன்று உண்டு. பழங்கால உடை தரித்து, அக்கால வாழ்வை நடித்துக் காட்டுவோர் அவற்றை விரும்பி வாங்குகிறார்கள். (பெரியவர்களின் விளையாட்டு என்று சிரிக்கத் தோன்றலாம், வரலாற்றைக் கையால் தொட்டுப் பார்க்கும் ஆசை நமக்கு மட்டும் இல்லையா என்ன?)

சிக்கல் இனித்தான். என்னிடம் வந்த கத்தியின் அலகில் அந்தப் பழைய கொல்லனின் முத்திரை பொறித்திருந்தது. இன்று செய்தவரின் பெயரோ ஆண்டோ எங்கும் இல்லை. உடன் வந்த தாளில் மட்டும் நகல் என்று அச்சிட்டிருந்தது. தாள் எத்தனை நாளைக்கு இருக்கும்? முத்திரை இல்லையென்றால் அது சரியான நகல் ஆகாது; முத்திரை இருந்தாலோ, இரும்பில் துரு ஏறிய பின்னர் எவனோ ஒருவன் அதனை அசலென்று விற்பான். செய்நேர்த்தி கூடக்கூட, நேர்மைக்கு ஆபத்தும் கூடுகிறது. அமெரிக்காவில் 1973-இல் இயற்றிய ஒரு சட்டம், பழங்காசுகளின் நகலில் நகல் என்ற சொல்லையே பொறிக்க வேண்டும் என்கிறது. கத்திக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அதே 1973-இல்தான் நம் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், சிப்பிக்குள் சிறு மணியை வைத்து முழு உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார்கள். பார்களில் முத்துக்குளிப்பு 1961-உடன் ஓய்ந்திருந்தது. துளைத்தட்டுகளில் சலித்து, ஆணி, அணதாரி, வடிவு, தூள் என்று தரம் பிரித்த கண்களுக்கு, வளர்ப்பு முத்தின் புறத்தோற்றத்தில் வேறுபாடு புலப்படாது. உள்ளிருக்கும் மணியை ஊடுகதிர்ப் படம்தான் காட்டும். ஜப்பானிய வளர்ப்பு முத்துகள் 1921-இல் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தபோது பாரிஸ் வணிகர்கள் கொதித்தெழுந்து வழக்காடினார்கள். அதே பாரிஸில்தான் 17-ஆம் நூற்றாண்டிலேயே கண்ணாடிக் குமிழுக்குள் மீன்செதிற் சாந்தைப் பூசிப் போலிமுத்து செய்தார்கள் என்பது வேடிக்கை! என் கருத்தில் வளர்ப்பு முத்து போலியன்று. சிப்பி தன் வேலையைப் பொய்யாகச் செய்யவில்லை. 'வளர்ப்பு' என்ற அடைமொழியை வணிகர் மறைக்கும்போதுதான் பொய் பிறக்கிறது.

மதீனத்துக் கடைவீதியில் தானியக் குவியலொன்றினுள் கைவிட்டுப் பார்த்து, உள்ளே ஈரத்தைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நிகழ்ச்சியை வாசகர்கள் அறிவீர்கள். ஈரத்தானியம் விற்பதை அவர்கள் கண்டிக்கவில்லை. ஈரத்தை மறைத்ததையே கண்டித்தார்கள். சரக்கின் குறையை மறைப்பதற்குச் சட்ட நூலார் 'தத்லீஸ்' என்று பெயரிட்டனர். ஹதீஸ் கலையில், அறிவிப்பாளர் வரிசையிலுள்ள இடைவெளியை மறைப்பதற்கும் அதே பெயர்தான். இருள் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. ஹதீஸ் முழுவதும் நகல்தானே! யாரிடமிருந்து யார் பெற்றார் என்று வெளிச்சத்தில் வைத்ததால் அது கலையாயிற்று. ஏடுகளைப் படியெடுத்தோரும் இறுதியில் தம் பெயரையும் ஹிஜ்ரி ஆண்டையும் எழுதி, பிழை பொறுக்க துஆ வேண்டினார்கள்.

இவ்வளவும் எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று கேட்டால், இல்லை.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், இக்கரையோர ஊர் ஒன்றில் ஒரு குடும்பத்தார், தம் பாட்டனார் எழுதிய அரபுத்தமிழ் ஏடு செல்லரித்துப் போவதாகச் சொல்லி, அதன் முதற்பக்கத்தைப் படியெடுத்துத் தரக் கேட்டார்கள். அதே ஏட்டின் எழுதாத தாளில், அதே சாய்வில், அதே சுழிப்பில் எழுதினேன். என் கைத்திறனில் எனக்கே மயக்கம். பெயர் எழுதினால் அழகு கெடுமென்று விட்டுவிட்டேன். அடுத்த ஆண்டு அவர்கள் வீட்டு விருந்தில், முன்கூடத்துச் சட்டத்தைக் காட்டி, "எங்கள் பாட்டனாரின் கையெழுத்து" என்று விருந்தினரிடம் சொன்னார்கள். நான் தலைகுனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். பின்னர் ஆய்வாளர் ஒருவர் அதைப் படம் பிடித்துச் சென்றதாகவும் கேள்விப்பட்டேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

கத்தி வந்த மறுவாரம் அந்த வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்காரர் நெடுநேரம் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே கழற்றித் தந்தார். அந்தப் பிரெஞ்சுக் கத்தியால் கலம் சீவி, பக்கத்தின் அடியில் என் பெயரையும், படியெடுத்த ஆண்டையும், அசல் ஏடு அலமாரியில் இருக்கும் செய்தியையும் எழுதினேன். தேநீர் தந்தார், அதிகம் பேசவில்லை. அடுத்த முறை நான் போனபோது அந்தச் சட்டம் முன்கூடத்தில் இல்லை.