யாத்திரை முடியாத யாத்திரீகர்



திருநாட்டுக்கு ஒருமுறையாவது போய்வர வேண்டுமென்பது நம் குடும்பங்களிற் பலரது நெடுநாளாசை. அதே ஆசையோடுதான் 1972ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் திகதி, கரிபியன் கடலிலுள்ள புவெர்ட்டோ ரிக்கோ தீவின் கிறிஸ்தவ யாத்திரீகர் கூட்டமொன்று இஸ்ரேலின் லொட் விமான நிலையத்தில் வந்திறங்கியது. எருசலேமுக்கு இன்னும் ஐம்பது கிலோமீற்றர் வரைதான்.

பயணிகள் பெட்டிகளுக்காகக் காத்துநின்ற மண்டபத்தில், உரோமையிலிருந்து வந்த மூன்று ஜப்பானிய இளைஞரும் தம் பெட்டிகளை எடுத்தனர். பார்வைக்கு வயலின் பெட்டிகள். உள்ளே துப்பாக்கிகளும் கைக்குண்டுகளும். சில நிமிடங்களில் 26 பேர் மாண்டனர். அவர்களுள் 17 பேர் புவெர்ட்டோ ரிக்கோக்காரர். பாலஸ்தீன இயக்கமொன்றின் பேரால் அவ்விளைஞர் வந்திருந்தனர். பாலஸ்தீனருக்கு அந்த யாத்திரீகர் செய்த தீங்கு என்ன? ஜப்பானியருக்குத்தான் என்ன?

எரிக்கோ வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனிடம் நல்ல சமாரியன், நீ எந்த இனத்தவன் என்று விசாரிக்கவில்லை. விசாரியாமலே காயம் கட்டினான். லொட்டிற் சுட்டவர்களும் எவரையும் விசாரிக்கவில்லை. விசாரியாமலே கொன்றனர். சமாரியனுக்குக் கிடந்தவன் மனிதன் என்பது போதுமாயிருந்தது. இவர்களுக்கோ நின்றவர்கள் வெறும் எண்ணிக்கை. எண்ணிக்கை கூடினால் உலகம் திரும்பிப் பார்க்கும், அவ்வளவே.

நிற்க. இதைத் தூரத்துக் கதையென்று வாசித்துவிட்டு நாம் பூசைக்குப் போய்விடலாம். 1984 ஆகஸ்ட் 2ஆம் திகதி இரவு சென்னை மீனம்பாக்கத்தில் வெடித்த பெட்டி யாருடையது? கொழும்பு விமானத்துக்கென அதைக் கொண்டுவந்தவர்கள் தமிழ் ஆயுதக் குழுவொன்றினர். மாண்டவர்களிற் பலர் இலங்கையர். 1986 மே 3ஆம் திகதி கட்டுநாயக்காவில், மாலைதீவுக்குப் புறப்படவிருந்த எயர் லங்கா விமானத்திற் குண்டு வெடித்து 21 உயிர்கள் போயின. அதற்கும் தமிழ்ப் போராளிகளையே அரசு குற்றஞ்சாட்டியது.

இவற்றைப் பேசும்போது நம் வீடுகளில் ஒரு சொல் முந்திக்கொண்டு வரும்: "பிழைதான், ஆனால் எங்களுக்கு நடந்தது?" எங்களுக்கு நடந்தது பொய்யல்ல. 1983 யூலையை மறக்கும்படி நான் எவரையும் கேட்கமாட்டேன். நீதி கேட்பதும் பாவமல்ல. ஆயினும் அந்த "ஆனால்" என்ற சொல்லைப் புவெர்ட்டோ ரிக்கோவில் பிள்ளையை இழந்த ஒரு தாயின் முன் நின்று சொல்ல நமக்கு நாவெழுமா? எழாது. அப்படியாயின் கட்டுநாயக்காவில் மாண்டவனின் தாய்க்கு மட்டும் எப்படிச் சொல்வோம்?

லொட்டிற் சுட்டவர்களில் இருவர் அங்கேயே மாண்டனர். மூன்றாமவர் ஆயுட் சிறையிலிருந்து 1985இற் கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையானார். இன்றிரவு வீட்டிற் செபமாலை சொல்லும்போது, ஒரு தேவ இரகசியத்தை மூன்று இடங்களிலும் மாண்டவர்களுக்காக ஒப்புக்கொடுங்கள். அடுத்ததைச் சுட்டவர்களுக்காகவும் பெட்டி வைத்தவர்களுக்காகவும் சொல்லுங்கள். இரண்டாவது கடினமாயிருக்கும். எனக்கும் அப்படித்தான்.