கலந்தபின் எஞ்சுவது எது?

50 மில்லி நீருடன் 50 மில்லி எத்தனாலைச் சேர்த்தால் 100 மில்லி கிடைப்பதில்லை. 96 அல்லது 97 மில்லிதான் கிடைக்கும். எடை குறையவில்லை, பருமன் மட்டும் சுருங்கிவிட்டது. அந்தக் கலவைக்குள் நீர் நீராகவும் எத்தனால் எத்தனாலாகவுமே இருக்கின்றனவா, இல்லை இரண்டும் மறைந்து மூன்றாவதாக ஒன்று தோன்றிவிட்டதா? இந்தக் கேள்வி வேதியியலைவிடப் பழையது.

அரிஸ்டாட்டில் உண்மையான கலவைக்கு இரண்டு அடையாளங்கள் சொன்னார். அதன் ஒவ்வொரு பகுதியும் முழுமையைப் போலவே இருக்க வேண்டும். சேர்ந்தவற்றை மறுபடி பிரித்தெடுக்கவும் முடிய வேண்டும். நுண்துகள்கள் அருகருகே கிடப்பது அவருக்குக் கலவையே அல்ல. கூரிய பார்வைக்குப் பேர்போன லின்கியஸ் அதைக் கண்டால் தனித்தனிப் பொருள்களாகத்தான் காண்பான் என்றார். கூறுகள் அழியவுமில்லை, அப்படியே இருக்கவுமில்லை, ஆற்றல் நிலையில், அதாவது மீண்டும் வெளிப்படக்கூடிய சாத்தியமாக, இருக்கின்றன என்பது அவர் முடிவு. பெரும் அளவு நீரில் விழுந்த ஒரு துளி மதுவோ அவர் கணக்கில் நீராகவே மாறிவிடும்.

ஸ்டோயிக் தத்துவர் கிரிசிப்பஸ் இதை மறுத்தார். அந்தத் துளி கடல் முழுதும் பரவினாலும் தன் இயல்பை இழக்காது என்றார். அவர் மதுவை முன்னிட்டுப் பேசியது உண்மையில் கடவுளைப் பற்றி. உலகின் ஒவ்வோர் அணுவளவு இடத்திலும் இறைமூச்சு ஊடுருவியிருக்க வேண்டுமென்றால், ஒன்றோடொன்று முழுதும் கலந்தும் தன்னை இழக்காத கலப்பு ஒன்று இயல வேண்டும். கி.பி. 451இல் கல்செதோன் சங்கம் கிறிஸ்துவின் இறையியல்பும் மனித இயல்பும் குழம்பாமலும் பிரியாமலும் ஒருவரில் இணைந்துள்ளன என்று வரையறுத்தபோதும் அதே சிக்கல்தான் எதிரே நின்றது.

இந்தக் கேள்வியைத் தராசின்மேல் ஏற்றியவர்களில் திமித்ரி மெண்டலீவ் முதன்மையானவர். தனிம வரிசை அட்டவணைக்கு நான்கு ஆண்டு முன்பே, 1865இல், ஆல்கஹாலும் நீரும் இணைவது பற்றிய ஆய்வேட்டுக்கு அவர் முனைவர் பட்டம் பெற்றார். வாலையில் எவ்வளவு வடித்தாலும் எத்தனால் எடையில் சுமார் 95.6 சதவீதத்தைத் தாண்டாது. எஞ்சிய நீரை நீக்க அவர் சுட்ட சுண்ணாம்பைப் பயன்படுத்தினார். பல விகிதங்களில் ஒப்படர்த்தியை அளந்தபோது, எடையில் ஏறக்குறைய 46 சதவீத எத்தனால் இருக்கும் இடத்தில் சுருக்கம் உச்சத்தைத் தொட்டது. ஓர் எத்தனால் மூலக்கூறுக்கு மூன்று நீர் மூலக்கூறு என்ற கணக்கு அது. கரைசல் என்பது திட்டமான சேர்மங்கள் ஓயாமல் உருவாகியும் சிதைந்தும் கொண்டிருக்கும் நிலை என்று அவர் நம்பினார். 1887இல் நீர்க்கரைசல்களின் ஒப்படர்த்தி பற்றி வெளியிட்ட பெருநூலிலும், அளவீட்டுக் கோடுகள் முறியும் இடங்களில் அத்தகைய சேர்மங்களைத் தேடினார்.

அதே 1887இல் ஸ்வீடனின் அர்ரீனியஸ், உப்பு நீரில் கரைந்ததுமே மின்னேற்றம் கொண்ட அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது என்றார். மெண்டலீவ் இதைக் கடைசிவரை ஏற்கவில்லை. தனிமங்களின் தனித்தன்மையே அவருடைய அறிவியலின் அடித்தளம். அதைக் குலைப்பதாகத் தோன்றிய எதற்கும் அவர் இடம் தரவில்லை. அவர் கண்ட முறிவுகள் பிந்தைய அளவீடுகளில் நிலைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் கரைப்பான் வெறும் கொள்கலன் அல்ல, அதுவும் வினையில் பங்கு கொள்கிறது என்ற அவருடைய மையக் கருத்து தோற்கவில்லை. 1891இல் இவான் கப்லுகோவ் அயனிகளையே நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து பற்றிக்கொள்கின்றன என்று கூறி இரு தரப்பையும் இணைத்தார். மெண்டலீவின் பிழையைவிட இந்தச் சரியான உள்ளுணர்வே அதிகம் நினைக்கத்தக்கது.

1902இல் கத்தோலிக்க நம்பிக்கை மிக்க பிரெஞ்சு இயற்பியலாளர் பியேர் துயெம், அரிஸ்டாட்டிலின் ஆற்றல் நிலைக் கருத்தே வேதியியலுக்குப் போதும் என்று வாதாடினார். அணுக்களின் இருப்பு உறுதியானபின் அந்த வாதம் வலுவிழந்தது. லின்கியஸின் கண்ணும் ஒருவகையில் கிடைத்துவிட்டது: 2002இல் வெளியான நியூட்ரான் சிதறல் ஆய்வு, அடர்ந்த மெத்தனால்–நீர்க் கலவையில் நீர் மூலக்கூறுகள் சிறு கொத்துகளாகச் சேர்ந்தே இருப்பதைக் காட்டியது. கண்ணுக்கு ஒரே சீரான திரவம், மூலக்கூறு அளவில் அப்படியில்லை.

அப்படியானால் கூறுகள் மாறாமல் இருக்கின்றன என்று சொல்லிவிடலாமா? அதுவும் முடியாது. எத்தனாலின் ஹைட்ராக்சில் முனையிலுள்ள ஹைட்ரஜன் நீரின் ஹைட்ரஜனோடு இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. கனநீரில் எத்தனாலைக் கலந்து வடித்தெடுத்தால், திரும்பி வரும் எத்தனாலில் அந்தக் கனநீரிலிருந்து வந்த டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் இருக்கும். பிரித்தெடுத்தது எத்தனால்தான், ஆகவே அதே வகைப் பொருள் மீளவேண்டும் என்று கேட்ட அரிஸ்டாட்டிலின் அடையாளம் நிறைவேறுகிறது. கடலில் விழுந்த அதே துளி தன்னை இழக்காமல் நிற்க வேண்டும் என்ற கிரிசிப்பஸின் நிபந்தனையோ இங்கே நிறைவேறுவதில்லை.