வேட்டைக்கு ஆசான் தேடுதல்

உயிர் ஒன்றை வதைப்பதற்கு முறையாகப் பயிலத்தக்க கல்வி என ஒன்று இருக்கக் கூடுமோ, இருக்குமாயின் அக்கல்வி வதையின் பாவத்தைக் குறைக்குமோ, அன்றி அறிந்து செய்த குற்றமாக்கி அதனை இரட்டிப்பாக்குமோ என்னும் வினா, இவ்வாண்டு கரடியனாற்றில் எங்கள் வீட்டு விறாந்தைக்கே வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் குடியேறி வாழும் என் தங்கை மகன், அங்கே மான் வேட்டை பழக விரும்புவதாகவும், தொடக்க நிலையினர்க்கென்று பல பயிற்சி நெறிகள் நடைபெறுவதால் எதனைத் தெரிவது என்று புரியவில்லை என்றும், அதற்கும் முன்னதாக, "மாமா, இது பாவமா?" என்பதற்கு விடை வேண்டும் என்றும் கேட்டு எழுதியிருந்தான். வெள்ளிக்கிழமை தவறாது விரதம் பிடிக்கும் குடும்பத்தில் இதென்ன புத்தி என்று அவனுடைய தாய் கோபித்துக்கொண்டாள். எனக்கோ அவன் இரண்டாவதாகக் கேட்டதற்குரிய விடை, முதலாவதாகக் கேட்டதற்குள்ளேயே அடங்கிக் கிடப்பதாகத் தோன்றிற்று.

அந்நாட்டு வழக்கத்தை அறியாதார் பொருட்டுச் சிறிது விளக்கம் அவசியம். பிரித்தானியாவில் ஓநாய் அற்றுப்போய்ச் சில நூற்றாண்டுகள் ஆகின்றன. கொல்லும் விலங்கு இல்லாத காட்டில் மான் பெருகி இளமரக் கன்றுகளை மேய்ந்து அழிப்பதனால், ஆண்டுதோறும் ஒரு பகுதியைச் சுட்டுக் குறைத்தே ஆகவேண்டும் என்பது அங்குள்ளோர் துணிபு. 1963 ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கும் வேல்சுக்குமென மான்களைப் பற்றிய சட்டம் ஒன்று நிறைவேறிற்று. பிரித்தானிய மான் சங்கம் என்னும் அமைப்பும் அவ்வாண்டிலேயே தோன்றியது. மான் வேட்டைக்கான சான்றிதழ் இன்று இரு படிகளாக வழங்கப்படுகிறது. முதற்படியில், அங்கு வாழும் ஆறு வகை மான்களையும் ஆண், பெண், குட்டி எனப் பிரித்தறிதல், துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளுதல், இறைச்சியைச் சுத்தமாகப் பேணுதல் ஆகியவற்றில் தேர்வு நடைபெறுகிறது. இலக்கில் சுடுவது அவற்றுள் ஒரு பகுதி மாத்திரமே. இரண்டாம் படியிலோ, மாணாக்கன் மெய்யாகவே காட்டில் மானைத் தொடர்ந்து சென்று வீழ்த்துவதை, அங்கீகாரம் பெற்ற சாட்சி ஒருவர் உடனிருந்து கண்டு பதிவு செய்யவேண்டும். ஜேர்மனியில் இத்தகைய தேர்வில் சித்தியடையாதவனுக்கு வேட்டை அனுமதிச் சீட்டே கிடையாது. அந்நாட்டு வேட்டுவர் மானை வீழ்த்தியதும் பசுங்கிளை ஒன்றை ஒடித்து, அதன் கடைசிக் கவளம் என்று அதன் வாயில் வைக்கும் மரபொன்றும் உண்டு. நாம் பிணத்துக்கு இடும் வாய்க்கரிசியைப் போன்றது அது, இடுபவன் கொன்றவனே என்ற ஒரு வேறுபாட்டைத் தவிர.

இத்தனை நியமங்களையும் கண்டு வியப்புறும் நம்மவர்க்கு, இவற்றின் சாரம் எட்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக நம் புராணத்திலேயே இருந்து வருவதைச் சொல்லவேண்டும். சேக்கிழார் பெருமான் கண்ணப்ப நாயனார் சரிதத்தைப் பாடுமிடத்து, உடுப்பூர் வேடர் தலைவனாகிய நாகன் தன் மகன் திண்ணனுக்கு வில் பயிற்றுவிக்கத் தொடங்கியதை ஒரு கலியாணத்துக்கு நிகரான விழாவாகவே வருணிக்கிறார். பின்னர்த் திண்ணன் முதன்முதலாகப் புறப்படும் கன்னி வேட்டையில், விலங்குகள் நாற்புறமும் வீழ்ந்துபடும் அந்த ஆரவாரத்தின் நடுவே, வேடர் யானைக் கன்றுகளைத் தொடரவில்லை என்றும், சிறு குருளைகளைக் கொல்லவில்லை என்றும், கருவுற்று அடி தளர்ந்து செல்லும் பிணைகளை அலைக்கவில்லை என்றும் ஒரு பாட்டுப் பாடிவைக்கிறார். அன்பின் சிகரமாகப் பின்னாளில் விளங்கப்போகின்றவனை, அன்பு இன்னதென்றே அறியாத பருவத்திலும், வில்லைத் தாழ்த்த வேண்டிய இடம் தெரிந்த கூட்டத்தின் நடுவே நிறுத்துகிறார் புலவர். பிரித்தானியச் சட்டமும், பெரும்பாலான இனங்களில் பெண்மானை ஏப்பிரில் தொடங்கி ஒக்டோபர் முடிய இங்கிலாந்தில் சுடலாகாது என்று தடுக்கிறது. சினைப்பட்டதும், குட்டிக்குப் பாலூட்டுவதுமாகிய காலம் அது. ஒருவர் பக்தியினாலும் மற்றவர் சட்டத்தினாலும் வந்தடைந்த எல்லை ஒன்றாகவே இருக்கிறது.

ஆயினும் அந்த ஒற்றுமையை மிகைப்படுத்தலாகாது. சீனத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டு ஆங்கிலக் காடுகளிற் பெருகிவிட்ட குரைக்கும் மான் என்னும் சிற்றினம், ஆண்டு முழுவதும் ஈனும் இயல்புடையது. ஆதலின் அதற்குத் தடைக்காலம் இல்லை. அவ்வினத்தில் பெண்ணைச் சுட நேர்ந்தால், இன்னும் ஈனாத இளையதையோ, வயிறு நிறைந்த நிறைசினையையோ தெரிந்து சுடுக என்று அங்குள்ள ஆசான்கள் கற்பிக்கிறார்கள். கேட்ட மாத்திரத்தில் நம் நெஞ்சு நடுங்குகிறது. சேக்கிழாரின் வேடர் விலக்கிய அதனையே இவர்கள் விதிக்கிறார்களே என்று தோன்றுகிறது. அவர்கள் கூறும் காரணமோ எளிதில் தள்ளத்தக்கதன்று: புதருள் மறைத்து வைத்த குட்டி ஒன்று, தாய் திரும்பாமையால் நாட்கணக்கில் பசித்துச் சாவதைக் காட்டிலும், பிறவாத கரு தாயோடு ஒருங்கே மடிவது குறைந்த துன்பம் என்பது அவர்கள் கணக்கு. துன்பத்தை நிறுத்துப் பார்க்கும் அறம் ஒன்று, தாய்மையின் முன் கை கூப்பும் அறம் மற்றொன்று. இரண்டும் கருணையிலிருந்தே பிறந்து, ஒரே பிணையின் முன்னிலையில் எதிரெதிராக நிற்கின்றன. என் மனம் வேடர் பக்கமே சாய்கிறது. ஆனால் அந்தச் சாய்வுக்கு நியாயம் சொல்லவேண்டுமாயின், அப்படியானால் அந்த மானைச் சுடவே வேண்டாம் என்பதைத் தவிர வேறொன்றும் என்னிடம் இல்லை.

நம் இதிகாசங்களில் வேட்டையினால் வந்த கேடுகளை எண்ணிப் பார்த்தால், அவற்றுள் ஒன்றேனும் கைத்திறன் குறைவினால் வந்ததாகக் காணோம். ஓசையை மட்டும் கொண்டு இலக்கை வீழ்த்தும் சப்தவேதி என்னும் அரிய வித்தையைக் கற்றுத் தேர்ந்தவன் தசரதன். இருளில் நீர் முகக்கும் குடத்தின் ஒலியை யானையின் ஒலி என்று கொண்டு, கண்ணிழந்த பெற்றோரின் ஒரே புதல்வனைக் கொன்று, புத்திர சோகத்தாற் சாகும்படி சாபமும் பெற்றான். பாண்டுவோ கண்டுதான் எய்தான். ஆனால் துணையோடு கூடியிருந்த மானை எய்து, மான் வடிவத்திலிருந்த கிந்தம முனிவரின் சாபத்துக்கு ஆளானான். காணாமல் எய்தவன் ஒருவன், கண்டும் கருதாமல் எய்தவன் மற்றொருவன். இன்றைய பயிற்சி நெறியில், இலக்கு இன்னதென்று ஐயமறத் தெரிந்த பின்னரன்றி விசையில் விரல் வைக்கலாகாது என்பதும், மானை ஊடுருவும் குண்டு சென்று புதைய அதன் பின்னே மண்மேடு ஒன்று இருந்தாலன்றிச் சுடலாகாது என்பதும் தலையாய பாடங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. தசரதனுக்கு வசிட்டர் போன்ற ஞானாசிரியர் இருந்தும், இந்தச் சிறு பாடத்தைச் சொல்லிக் கொடுப்பார் இருந்திலர்.

நம் தீவின் பௌத்த சமய சரித்திரமே ஒரு மான் வேட்டையில்தான் தொடங்குகிறது. மகாவம்சம் கூறுகிறபடி, அரசன் தேவநம்பியதீசன் மிகிந்தலைக் குன்றில் வேட்டையாடியபோது மரை ஒன்று மேய்ந்துகொண்டிருக்கக் கண்டான். அறியாமல் நிற்கும் பிராணியைக் கொல்வது தகாதென்று வில்லின் நாணைத் தெறித்து ஒலி எழுப்பினான். வெருண்டோடிய அதனைத் தொடர்ந்து சென்றவன் மகிந்த தேரரின் முன்னே போய் நின்றான். இந்த நாணொலி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. ஏனெனில் ஆங்கில நாட்டார் பயிற்றும் வித்தை முழுவதும் இதற்கு நேர்மாறானது: காற்றின் திசை அறிந்து, வயிற்றால் ஊர்ந்து, மான் அச்சம் என்பதையே அறியாமல் மேய்ந்துகொண்டிருக்கும் கணத்திலேயே அதன் உயிரை முடிப்பது. அரசன் செய்தது மானுக்கு அளித்த சலுகை என்று பார்வைக்குத் தோன்றினும், உண்மையில் அது தன் வீரத்துக்குத் தானே செய்துகொண்ட மரியாதை. ஓடும் மானுக்கு அச்சமும் உண்டு, குறி தவறிய அம்பினாற் புண்பட்டு அலைந்து சாகும் அபாயமும் உண்டு. மானின் பக்கம் நின்று பார்த்தால் ஆங்கில முறையே மேல் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆயினும் அந்த நாண் ஒலித்திராவிட்டால் மரை அங்கேயே வீழ்ந்திருக்கும், அரசனும் இறைச்சியோடு அரண்மனைக்குத் திரும்பியிருப்பான்.

அதனினும் நயமானது பின்னர் நிகழ்ந்தது. மகிந்தர் கொல்லாமையைப் பற்றிக் கண்டித்துரைக்கவில்லை. மாமரத்தை வைத்துச் சில வினாக்கள் கேட்டு அரசனின் அறிவைச் சோதித்தார். சோதித்த பின் அவர் எடுத்து உபதேசித்தது, யானை அடிச்சுவட்டை உவமையாகக் கொண்ட சிறிய சூத்திரம். கானகத்தில் தடம் பார்ப்பவன் பெரிய அடிச்சுவடு ஒன்றைக் கண்டவுடனே இது மகா கஜம் என்று முடிவு கட்டிவிட மாட்டான். மரத்தின் உயரத்தில் உராய்ந்த அடையாளம், தந்தம் கீறிய வடு, முறிந்த கிளை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சென்று, யானையை நேரிற் கண்ட பின்னரே துணிவான். மெய்ப்பொருளைத் தேடுவோனும் அவ்வாறே செல்லக் கடவன் என்பது அதன் கருத்து. வேட்டையாட வந்தவனுக்கு வேட்டுவனின் பாஷையிலேயே, கொலையை மாத்திரம் கழித்துவிட்டு, அந்த வித்தையின் எஞ்சிய பாகம் முழுவதையும் ஞான சாதனமாகத் திருப்பிக் கொடுத்தார் தேரர். ஆசிரியத் திறம் என்பது இதுவே.

சைவர்களாகிய நாமோ, வேட்டையைத் தெய்வத்திடமிருந்தே பிரிக்க இயலாதவர்கள். வேடனாக வந்து அருச்சுனனோடு பன்றிக்காகப் பொருத சிவபெருமானே, தாருகாவனத்து முனிவர் ஏவிய மானைக் கையில் ஏந்தி நிற்கிறார். ஈழத்துக் கோயில்கள் பலவற்றில் மகோற்சவத்தின்போது சுவாமி வேட்டைத் திருவிழாவுக்கு எழுந்தருளுகிறார். வள்ளியம்மையோ வேடர் வளர்த்த மகள். மட்டக்களப்பின் உட்காடுகளை ஒட்டி வாழ்ந்த வேடர்களைப் பற்றி 1911 இல் நூல் எழுதிய செலிக்மன் தம்பதியர், முன்னொரு காலத்துப் பெருவேட்டுவனின் ஆவியாகிய கண்டே யக்காவை அவர்கள் வேட்டைக்கு முன் வேண்டிக்கொள்வதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். இவையெல்லாம் இருக்க, வள்ளுவரோ புலான்மறுத்தல், கொல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களால் வாசலை அடைத்துவிடுகிறார். அவ்விரண்டும் துறவறவியலில் அமைந்திருப்பதால் இல்லறத்தானைக் கட்டுப்படுத்தா என்று சாதிப்போர் உண்டு. பொய் கூறாமையும் கள்ளாமையும் அதே இயலில்தான் இருக்கின்றன என்பதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கண்ணப்பரை வேட்டைக்குச் சாட்சியாக அழைப்போர்க்கும் ஒரு வார்த்தை. அவரை நாயனாராக்கியது அவர் கொண்டுவந்த பன்றி இறைச்சியன்று. உயிர்களை வீழ்த்தப் பழகிய அதே அம்பினால், குறி பார்க்கப் பழகிய தன் கண்ணையே அகழ்ந்து இறைவனுக்கு அப்பினார். அந்தப் பாடத்தை நாகன் நடத்திய விழாவில் எவரும் கற்பிக்கவில்லை.

ஆகவே மருமகனுக்கு நான் எழுதிய விடை இது: பயிற்சி பாவத்தைக் கழுவாது, அது கொடுமையைக் குறைக்கும், அந்த இரண்டையும் ஒன்றென்று மயங்கவைக்கும் பள்ளி எதுவாயினும் அதனைத் தவிர்த்துவிடு. முதல் நாளிலேயே மானை வீழ்த்தித் தருவதாக ஆசை காட்டுவோரிடம் போகாதே. துப்பாக்கியை உன் கையில் தருமுன் நெடுநேரம் உன்னை வெறுங்கண்ணோடு காட்டில் உட்கார்த்தி வைப்பவரும், சுடாமல் திரும்பிய நாளையும் தேர்ச்சியாகக் கணக்கிடுபவரும், புண்பட்டு ஓடிய மானை இரவானாலும் தேடிச் சென்று அதன் துன்பத்தை முடிப்பது சுட்டவனின் கடன் என்று விதிப்பவருமாகிய ஆசானைத் தேடு. அவரிடம் முழுவதும் கற்ற பின், விசையை அழுத்துவதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய். வேண்டாம் என்று முடிவு செய்தால், கற்றதில் எதுவும் வீணாகாது.

கரடியனாற்றில் இருப்போர்க்கு இந்தத் தெரிவே இல்லை. 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், திருத்தங்களோடு சேர்த்து, புள்ளிமானையும் மரையையும் கொல்வது இன்று இலங்கையில் குற்றம். ஓநாய் அற்ற தேசத்தின் நியாயத்தை இங்கே இறக்குமதி செய்யவும் இயலாது. நம் காட்டில் சிறுத்தை இன்னும் இருக்கிறது, மானின் தொகையை அது பார்த்துக்கொள்ளும். யுத்த காலத்தில் துவக்கோசை கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு வேட்டையைப் பொழுதுபோக்காகச் சிபாரிசு செய்யவும் என் நா எழவில்லை. ஆயினும் வேட்டை நின்றுவிடவில்லை; சட்டத்துக்கு மறைந்து, மிக இழிந்த உருவத்தில் அது நடைபெறுகிறது. பயிருக்குக் காவல் என்றும், இறைச்சிக்கு என்றும் விலங்கின் தடத்தில் கட்டி வைக்கப்படும் கட்டுத்துவக்கைத்தான் சொல்கிறேன். பன்றியை எண்ணிக் கட்டியது மானையும் கொல்லும், யானையின் காலையும் துளைத்து மாதக்கணக்கில் சீழ்பிடித்துச் சாகவைக்கும், விறகுக்குப் போன மனிதனையும் முடமாக்கும். தசரதனாவது ஓசையைக் கேட்டான். இங்கே கேட்பதற்கும் ஒருவன் இல்லை. கட்டியவன் வீட்டில் உறங்கிக்கொண்டிருக்கும்போது நிகழ்வதாயினும் கொலையின் கர்த்தா அவனே என்பதில் எனக்கு ஐயமில்லை. பாராமல் கொல்வதற்கு ஏற்பாடு செய்தவனுக்குப் பார்த்துக் கொன்றவனைவிடப் பழி கூடுதல். உறுகாமத்துப் பக்கமோ குடும்பிமலை அடிவாரத்திலோ வயல் வைத்திருப்பவர்கள் எவரேனும் இதனை வாசிப்பீர்களாயின், வேலியோரத்தில் அப்படி ஒன்று உங்களுடையதாக இருக்குமானால், தயவுசெய்து இன்று பொழுதுபடுமுன் போய் அதனை அவிழ்த்துவிடுங்கள்.