குறைந்த ஒளியும் கருதல் அளவையும்

கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் எட்டாது. சுவரில் மாட்டிய ஒரு சிறு கருவி 800 பிபிஎம் என்று காட்டினால், காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் 800 அந்த வாயுவினுடையவை என்று பொருள். அந்த எண்ணைக் கருவி கண்டு சொல்கிறதா, கருதிச் சொல்கிறதா?

உள்ளே இருப்பது விரல் நீளக் குழாய். ஒரு முனையில் விட்டுவிட்டு எரியும் சிறு விளக்கு. மறுமுனையில் வெப்பத்தை மின்னழுத்தமாக்கும் உணரி. உணரிக்கு முன்னுள்ள வடிகட்டி 4.26 மைக்ரோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்புக் கதிரை மட்டுமே விடும். கரியமில வாயு விழுங்குவது அந்தக் கதிரைத்தான். நடுவே கார்பன், இருபுறமும் ஆக்சிஜன் என்றுள்ள அதன் மூலக்கூறில் ஒரு பிணைப்பு நீளும்போது மற்றது குறுகும். அந்த அதிர்வுக்கு வேண்டிய ஆற்றல் இந்தக் கதிரிலிருந்து கிடைக்கிறது. காற்றில் பெரும்பங்கான நைட்ரஜனும் ஆக்சிஜனும் இதற்கு அசைந்து கொடுப்பதில்லை. எனவே வாயு கூடக்கூட உணரிக்கு வரும் ஒளி குறைகிறது.

ஆக, உணரியை எட்டுவது வந்து சேர்ந்த ஒளி மட்டுமே. வராமல் போனதைக் கணக்கு சொல்கிறது. இல்லாமையை அறிவது எப்படி என்பது இந்தியத் தருக்கத்தில் பழைய வழக்கு. குமாரில பட்டரின் மீமாம்சை மரபு அதற்கென்றே அனுபலப்தி என்று தனி அளவை (அறியும் வழி) வகுத்தது: குடம் இருந்திருந்தால் தெரிந்திருக்கும், தெரியவில்லை, ஆகவே இல்லை. வெறுந்தரையைக் காணும் கண்ணே குடமின்மையையும் காண்கிறது என்றனர் நியாய நூலார். மணிமேகலையின் அளவை வாதி அடுக்கும் பத்து அளவைகளில் அபாவமும் (இன்மை) ஒன்று. சிவஞான சித்தியாரோ காண்டல், கருதல் (ஊகித்தறிதல்), உரை (நம்பத்தக்கோர் சொல்) என்ற மூன்றில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறது. இந்தக் கருவிக்குப் பட்டர் மரபே நெருங்கி வருகிறது. ஆனால் கருவி ஒளியின் இன்மையோடு நிற்காமல் வாயுவின் இருப்புக்குத் தாவுவதால் கருதலும் சேர்ந்தாக வேண்டும்.

‘இருந்திருந்தால் தெரிந்திருக்கும்’ என்ற நிபந்தனையில்தான் எல்லாம் இருக்கிறது. இருட்டறையில் குடம் தெரியாதது குடமின்மைக்குச் சான்றாகாது. விளக்கு மங்கினாலும் ஒளி குறையும். குழாயில் தூசி படிந்தாலும் குறையும். அந்தக் குறைவையும் வாயுவென்று கொள்வது, மூடுபனியைப் புகையென்று கொண்டு மலையில் நெருப்பைத் தேடுகிற பிழை. அதனால் பல கருவிகளில் இரண்டாம் உணரி ஒன்று, காற்றின் வாயுக்கள் அநேகமாகத் தொடாத 3.9 மைக்ரோமீட்டர் அருகே அளக்கிறது. தூசி இரண்டையும் குறைக்கும், கரியமில வாயு ஒன்றை மட்டும் குறைக்கும். விகிதம் எடுத்தால் தூசியின் பங்கு கழிந்துவிடும். வாயுக்கள் வெப்பக் கதிரை விழுங்குவது பற்றி 1859இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சோதனை தொடங்கிய ஜான் டிண்டாலும், எதிர்ப்புறம் இன்னொரு வெப்ப மூலத்தை வைத்து ஊசியைச் சுழியில் நிறுத்தும் உபாயத்தைக் கையாண்டார்.

இரண்டாம் உணரி இல்லாத மலிவான கருவிகள் பல, சில நாட்களில் பதிவான மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்று என்று கொண்டு அதை 400 ஆக்கிவிடும். இரவில் காலியாகும் வகுப்பறைக்கு இது ஒத்துவரும். ஓயாமல் ஆள் இருக்கும் மருத்துவமனை வார்டில் காற்று அந்த அளவுக்கு இறங்குவதே இல்லை. கருவி நாளுக்கு நாள் குறைத்துச் சொல்லிக்கொண்டே போகும். உணரியில் பழுதில்லை, ‘மிகக் குறைந்த அளவு என்றால் வெளிக்காற்று’ என்ற மாறாத் தொடர்பில், அதாவது வியாப்தியில்தான் பழுது. போதாக்குறைக்கு வெளிக்காற்றும் நிலையாக இல்லை: 1958 மார்ச்சில் ஹவாயின் மௌனா லோவாவில் சார்லஸ் கீலிங்கின் அகச்சிவப்புக் கருவி சுமார் 313 காட்டியது, இன்று அங்கே 420ஐத் தாண்டிவிட்டது.

கீலிங் இப்படிப்பட்ட ஊகம் எதையும் நம்பியிருக்கவில்லை. காற்றை அளக்கும் இடையிடையே, அளவு தெரிந்த வாயுவைச் சிலிண்டரிலிருந்து கருவிக்குள் விட்டு ஒப்பிட்டார். சிலிண்டருக்குக் குறித்த எண்ணைக் கருவி கேள்வியின்றி ஏற்கிறது. அளவையில் அது உரை. அந்த உரைக்கு ஆதாரம் மானோமீட்டர்: கரியமில வாயுவை உறையவைத்துப் பிரித்தெடுத்து, மீண்டும் வாயுவாக்கி, தெரிந்த கொள்ளளவில் அதன் அழுத்தத்தை அளப்பது. அங்கே பாதரசம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை ஒருவர் கண்ணால் பார்த்துக் குறித்தார்.