தராசும் மனமும்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் குன்றில், ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தில், நம் சமணத் துறவியர் நோற்ற கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. மனத்தின் மயக்கத்தை வெல்வதே அவர்தம் தவத்தின் குறிக்கோள். அதே மாவட்டத்தின் கீழைக் கடற்கரையிலோ, இலங்கைக்குக் கடத்தவிருந்த கஞ்சா மூட்டைகள் பிடிபட்டன என்னும் செய்தியை அவ்வப்போது படிக்கிறோம். படிக்கும்தோறும் ஒரு வினா எழுகிறது: குற்றத்தின் கனத்தை எதனைக்கொண்டு அளப்பது?

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் எடையைக்கொண்டு அளக்கிறது. தொடக்கத்தில், சொந்த நுகர்வுக்கான சிற்றளவு போன்ற சில விலக்குகள் நீங்கலாக, பெரும்பாலான குற்றங்களுக்குப் பத்தாண்டுச் சிறையே குறைந்த தண்டனையாக இருந்தது. 2001ஆம் ஆண்டுத் திருத்தமே சிற்றளவு, வணிக அளவு, இடைப்பட்ட அளவு எனப் படிநிலை வகுத்தது. கஞ்சா 1 கிலோவுக்குக் குறைந்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவை விஞ்சினால் 10 முதல் 20 ஆண்டு வரை கடுங்காவலும், 1 இலட்சத்திற்குக் குறையாத அபராதமும். இடைப்பட்டதற்குப் பத்தாண்டு வரை சிறை. ஹெராயினுக்கோ இவ்வெல்லைகள் 5 கிராமும் 250 கிராமும் ஆகும்.

இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருவன் வறுமையால், கூலிக்காக 21 கிலோ மூட்டையைச் சுமக்கிறான். மற்றொருவன் அரைக் கிலோவைப் பொட்டலங்களாக்கிப் பள்ளிச் சிறுவர்க்கு விற்கிறான். முன்னவனுக்குப் பத்தாண்டுக்குக் குறையாது. பின்னவனுக்கு இச்சட்டத்தின் எடைக்கணக்குப்படி ஓராண்டுக்கு மேற்படாது. எவன் மனம் கொடிது?

நம் ஆகமங்கள் இம்சையைத் திரவிய இம்சை, பாவ இம்சை என இரண்டாகப் பகுக்கும். முன்னது புறத்தே நிகழும் கேடு. பின்னது அகத்தே எழும் தீய எண்ணம். வினையைக் கட்டுவது பின்னதே. நீதிமன்றமோ அகத்தைக் காண இயலாது. எனவேதான், பொருள் கைவசம் இருந்தமை மெய்ப்பிக்கப்பட்டால் குற்ற மனமும் உண்டென்றே அச்சட்டத்தின் 35ஆம் பிரிவு கொள்கிறது. இல்லையென நிறுவுவது குற்றஞ்சாட்டப்பட்டவன் பொறுப்பு. தராசை நாம் பழிக்க வேண்டா. ஆளுக்கொரு நீதி வழங்காமல் காப்பது அதுவே. ஆயினும் தராசு காட்டுவதே முழு உண்மை என மயங்கவும் வேண்டா.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் வினைக்கு வாயில்கள் என்பது நம் அறநெறி. சட்டமும் பணம் கொடுத்தவனையும், தூண்டியவனையும், அறிந்தே இடம் தந்தவனையும் தண்டிக்கிறது. ஆனால் கிடங்கை மிகுந்த வாடகைக்கு விட்டு, உள்ளே இருப்பது யாதென வேண்டுமென்றே வினவாது இருக்கும் மனத்தை எந்தத் தராசில் நிறுப்பது? அதை நிறுக்க வேண்டியவர் நாமே. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் இங்கேதான் சோதனைக்குள்ளாகிறது.

இன்னொன்றும் உண்டு. போதைக்கு அடிமையானவன் சிற்றளவு வழக்கில் சிக்கியபின், தானே முன்வந்து அரசு ஏற்ற மருத்துவமனையில் சிகிச்சையை நிறைவு செய்தால், வழக்கினின்று விலக்குப் பெற 64ஏ பிரிவு வழி செய்கிறது. சட்டமே இரங்கும் இடம் அது. அத்தகைய பிள்ளை நம் இல்லத்தில் இருப்பின், குடும்ப மானம் கருதி மறைப்பதும் விரட்டுவதும் அகிம்சை ஆகா; கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அகிம்சை.

எடையை நீதிமன்றம் பார்க்கட்டும். மனத்தை நாம் பார்ப்போம். முதற்கண் நம் மனத்தை.