கொல்லைக் குளத்துக்கு ஓர் அருவி

சீடன்: ஐயா, எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் குளத்தைப் பார்த்திருக்கிறீர்கள். எட்டடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டடி ஆழம். பன்னிரண்டு தங்கமீன் குஞ்சுகள் விட்டிருக்கிறேன். ஆனாலும் வெறும் தொட்டியாகத்தான் தெரிகிறது. ஓர் அருவி வைத்தால் களை வந்துவிடும். ஒன்றுதான் உறுத்துகிறது. குற்றாலத்தில் மலை தருகிறது, இங்கே மோட்டார் தரப்போகிறது. இது போலி இல்லையா?

குரு: குற்றாலத்து நீர் மலையிலேயே பிறந்ததா, தம்பி? கடலிலிருந்து வெயில் தூக்கியது, காற்று கொண்டுவந்து மலைமேல் சேர்த்தது. ஏதோ ஒன்று ஏற்றாமல் எந்த நீரும் விழுவதில்லை. அங்கே ஏற்றுவது சூரியன், இங்கே மின்சாரம். போலி என்று கூசவேண்டாம். நீ கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த அருவி யாருக்கு?

சீடன்: பார்ப்பவர்களுக்குத்தான். சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் சலசலவென்று காதுக்கு இதமாக இருக்கும். இரவில் அணைத்துவிடுவேன். ஆளில்லாத நேரத்தில் கரண்ட் எதற்கு?

குரு: இரவில் மீன் இருக்குமே.

சீடன்: அது தூங்கத்தானே போகிறது?

குரு: தூங்கினாலும் மூச்சு விடவேண்டாமா? பகலில் பாசியும் செடியும் வெயிலை வாங்கிக்கொண்டு நீருக்குள் ஆக்சிஜனை விடும். பொழுது சாய்ந்ததும் அவையும் மீனைப் போலவே ஆக்சிஜனை எடுக்க மட்டுமே செய்யும். இரவெல்லாம் செலவுதான், வரவு சொற்பம். அதனால் விடியலுக்குச் சற்று முன்புதான் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். நம் ஊர்ச் சூடு வேறு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சூடு ஏற ஏற மீனுக்குத் தேவையோ கூடும். மீன் நெருக்கமாக இருக்கும் ஒரு குளத்தைச் சித்திரை மாதத்தில் விடியுமுன் போய்ப் பார். எல்லாம் மேலே வந்து, வாயை நீர்மட்டத்தில் வைத்துத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். பசி என்று நினைத்து இரை போடுவார்கள். அது பசியில்லை, மூச்சுத் திணறல். அந்த நேரத்தில் போடும் இரை நிலைமையை இன்னும் கெடுக்கும்.

சீடன்: அப்படியானால் யாரும் பார்க்காத நேரத்தில்தான் அருவி அதிகம் வேண்டும்.

குரு: ஆமாம். அதன் பெரிய வேலை விழும் இடத்தில் நடக்கிறது. நீர் போய் அடித்து, மேல்பரப்பு உடைந்து கலங்குகிறதே, அங்கேதான் காற்று நீருக்குள் இறங்குகிறது. மோட்டார் அடியிலிருந்து உறிஞ்சுவதால் தேங்கிக் கிடந்த அடிநீரும் மேலே வந்து காற்றைத் தொடுகிறது. இதைக் கண்ணால் பார்க்க முடியாது. நீ பார்த்து ரசிக்கப்போவது அந்த வேலையின் மேல்தோலை.

சீடன்: இரண்டடி அகலத்துக்குத் திரைச்சீலை மாதிரி, ஐந்தடி உயரத்திலிருந்து விழவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

குரு: உன் குளத்தில் இருப்பது சுமார் 2,250 லிட்டர். சிறிய மீன் குளத்தில் மணிக்கு ஒருமுறை நீர் சுற்றிவந்தால் போதும். அரை அடி அகலக் கல்விளிம்பில் நீர் அறுபடாமல் விழ, மணிக்கு ஏறக்குறைய அதே 2,250 லிட்டர்தான் வேண்டும். கணக்கு பொருந்துகிறது பார். இரண்டடி அகலம் என்றால் 9,000 லிட்டர். குளம் முழுவதும் மணிக்கு நாலு முறை சுழலும். குஞ்சு மீன் நாளெல்லாம் எதிர்நீச்சல் போட்டே களைக்கும். உயரமும் ஒன்றரை அடி, மிஞ்சினால் இரண்டடி. அதற்குமேல் போனால் நீர் சிதறி வெளியே வீணாகும். மோட்டார் பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, நீரை உயர்த்தாதபோது வருவது. உயரத்துக்குத் தக்கபடி அது குறையும் என்பதால் சற்றுப் பெரிதாகவே வாங்கு. 50 வாட் மோட்டார் நாள் முழுக்க ஓடினாலும் ஒன்றேகால் யூனிட்டுக்குள்தான். ஈரத்தில் நிற்கும் மின்சாரம் என்பதால் கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் சுவிட்சைத் தொடாதே.

சீடன்: அரை அடி என்றால் கண்ணுக்கு நிறையுமா?

குரு: ஜப்பானில் பதினோராம் நூற்றாண்டிலேயே தோட்டக்கலைக்குச் ‘சகுதெய்கி’ என்று ஒரு நூல் எழுதினார்கள். அதில் அருவி விழும் வகைகளையே பிரித்துச் சொல்லியிருக்கிறது: துணி விரித்ததுபோல் விழுவது, நூல் நூலாகப் பிரிந்து விழுவது என்று. விளிம்புக்கல் மட்டமாகவும் வழவழப்பாகவும் இருந்தால் முதல் வகை. கரடுமுரடாக இருந்தால் இரண்டாவது. கல்லை நீயே தேடி எடுத்துவந்து, நீர் ஊற்றிப் பார்த்துத் திருப்பித் திருப்பி வை. சிறிய அருவிக்கு அழகு அகலத்தில் இல்லை, அந்த ஒரு கல்லில் இருக்கிறது.

சீடன்: மேலே ஒரு சிமெண்ட் தொட்டி கட்டி அதிலிருந்து வழியவிடப் போகிறேன்.

குரு: புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கும், அது மீனுக்கு ஆகாது. வாழைத்தண்டை வெட்டிப் போட்டு, நீர் நிரப்பி இரண்டு மூன்று வாரம் ஊறவைத்துக் கொட்டிக் கழுவு. மீன் வளர்ப்பவர்கள் செய்வது இதுதான். அருவிக் கற்களுக்கு அடியிலும் இரு பக்கமும் தண்ணீர் இறங்காத ஷீட்டை உயர்த்தி மடித்துப் போடு. குளத்தில் நீர் குறைந்தால் பெரும்பாலும் திருட்டு அங்கேதான் நடக்கும். சந்தேகம் வந்தால் மோட்டாரை ஒரு பகல் நிறுத்து. மட்டம் அப்படியே நின்றால் ஓட்டை அருவியில். மோட்டாரையும் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வை. ஒழுகி ஒழுகிக் குளமே வற்றும்படி ஆனாலும் மீனுக்குக் கொஞ்சம் நீர் மிஞ்சும்.

சீடன்: வாரம் ஒருமுறை கற்களைத் தேய்த்துக் கழுவிப் பளிச்சென்று வைத்துக்கொள்வேன்.

குரு: வேண்டாம். கொஞ்ச நாள் நீர் ஓடிய கல்லைத் தொட்டுப் பார். பழுப்பாக, வழுவழுப்பாக ஒரு படலம் விரலில் ஒட்டும். அழுக்கில்லை, உயிர். மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. நீர் கண்ணாடியாகத் தெரிந்தாலும் அந்த நஞ்சு உள்ளே இருக்கும். கல்மேல் குடியேறும் நுண்ணுயிர்களில் ஒரு கூட்டம் அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் நஞ்சு. இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். செடி அதை உண்ணும். 1890-ஐ ஒட்டி ரஷ்யாக்காரர் வினோகிராட்ஸ்கி இந்த உயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். அவை குடியேறி நிலைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். நீ பிரஷ்ஷால் ஒரே நிமிடத்தில் துடைத்துவிடுவாய். மோட்டாரை நிறுத்தக்கூடாது என்பதற்கு இதுவும் காரணம். நீரோட்டம் நெடுநேரம் நின்றால் அவை மூச்சடைத்துச் சாகும்.

சீடன்: மூச்சுக்கும் குறைவில்லை, நஞ்சும் போகிறது. அப்படியானால் இன்னும் பத்து இருபது மீன் விடலாமே, ஐயா? கடைக்காரரும் அப்படித்தான் சொன்னார்.

குரு: இந்த இடத்தில் நில். அருவி தருவது உபரி. அந்த உபரியில் மீனைக் கூட்டினால், மறுநாளிலிருந்து அது உபரி இல்லை, கட்டாயம். அத்தனை உயிரும் ஒரு ஒயரில் தொங்கும். கோடை இரவில் ஐந்து மணி நேரம் கரண்ட் போனால் என்ன செய்வாய்?

சீடன்: இன்வெர்ட்டர் இருக்கிறது.

குரு: மோட்டார் வாயில் பாசி அடைத்தால்? நீ ஊரில் இல்லாவிட்டால்?

சீடன்: ஐயா, அப்படிப் பார்த்தால் நாமே எத்தனை இயந்திரங்களை நம்பி வாழ்கிறோம்!

குரு: நாம் நம்புகிறோம், சம்மதித்து நம்புகிறோம். மின்விசிறி நின்றால் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகிறோம். மீனுக்கு மொட்டைமாடி இல்லை. அதன் சம்மதத்தை நீ கேட்கவும் முடியாது. நமக்கு வாய்த்த வசதியின் ஆபத்தை வாயில்லாத ஓர் உயிரின் தலையில் ஏற்ற நமக்கு உரிமை இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அருவி நின்றுபோன இரவையும் தாண்டிப் பிழைக்கும் அளவுக்கே மீன் வை. விரல் நீளக் குஞ்சை வைத்துக் கணக்குப் போடாதே. நல்ல குளத்தில் தங்கமீன் முக்கால் அடிகூட வளரும். உன் குளத்துக்கு ஆறு போதும்.

சீடன்: பன்னிரண்டு இருக்கின்றனவே. மிச்ச ஆறைப் பக்கத்து ஏரியில் விட்டுவிடட்டுமா? அவற்றுக்கும் விடுதலை.

குரு: அந்த விடுதலை ஏரிக்குக் கேடு. கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சக்கர் மீனை வாங்கினார்கள். பெருத்ததும் ஏரி குளங்களில் கொட்டினார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் இன்று நம் நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்து, மீனவர் வலையைக் கிழிக்கிறது. தங்கமீனும் வெளியூர் மீன்தான். பெரிய குளம் வைத்திருப்பவர் யாரிடமாவது கொடு. இல்லாவிட்டால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடு. ஏரியில் மட்டும் விட்டுவிடாதே, தம்பி.